வாட்டர் ஹீட்டர் அருகே எக்ஸ்பான்ஷன் டேங்க் கட்டாயம் வேண்டுமா?

அமெரிக்காவில் வாங்கவிருக்கும் வீட்டின் ஆய்வறிக்கையில், சூடாகும்போது பெருகும் நீருக்கு இடம் தரும் சிறு தொட்டியான எக்ஸ்பான்ஷன் டேங்க் இல்லை என்று குறித்திருப்பதாகவும், அதற்குச் செலவழிக்கத்தான் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்பில் அழுத்தக் குறைப்பு வால்வோ நீரைத் திரும்ப விடாத ஒருவழி வால்வோ இருந்தால், வேண்டும் என்பதே என் பதில்.

50 கேலன், அதாவது சுமார் 190 லிட்டர் கொள்ளும் ஹீட்டரில் 10 டிகிரி செல்சியஸில் உள்ள நீரை 60 டிகிரிக்குச் சூடாக்கினால், அது மூன்று லிட்டருக்கும் சற்று அதிகமாகப் பெருகும். நம்மூரில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கீசருக்கு நேராக நீர் இறங்கும் வீடுகளில், நடுவே ஒருவழி வால்வு இல்லாதவரை, அந்தக் கூடுதல் நீர் வந்த வழியே மேலேறிவிடும். இங்கே அந்த வழி அடைபட்டிருப்பதாலும், நீரை அமுக்கிச் சுருக்குவது ஏறக்குறைய இயலாது என்பதாலும், குழாய்களெங்கும் அழுத்தம் விறுவிறுவென ஏறுகிறது. அழுத்தம் 150 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) ஆனதும் ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு திறந்து சொட்டத் தொடங்கும். சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிடுபவர்களும் உண்டு. அதைவிட ஆபத்தான வேலை வேறில்லை. வால்வு திறக்காத வீடுகளிலும், நாள்தோறும் ஏறி இறங்கும் அழுத்தத்தில் ஹீட்டரின் உட்பூச்சு விரிசல் விடவும் வாஷிங் மெஷின் குழாய்கள் நைந்துபோகவும் வாய்ப்புண்டு.

எக்ஸ்பான்ஷன் டேங்க் என்பது நடுவே ரப்பர் சவ்வு கொண்ட இரும்புக் கலம். சவ்வின் ஒருபுறம் காற்றும் மறுபுறம் குழாய் நீரும் இருக்கும். பெருகும் நீர் உள்ளே வரும்போது காற்று சுருங்கி இடம் கொடுக்கும். பலர் கோட்டைவிடுவது அந்தக் காற்றின் அழுத்தத்தில்தான். தொழிற்சாலையிலிருந்து பெரும்பாலும் 40 பிஎஸ்ஐ அளவில் வரும் தொட்டியை 65 பிஎஸ்ஐ உள்ள வீட்டில் அப்படியே மாட்டினால், ஹீட்டர் சூடாகும் முன்பே நீர் புகுந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே தோட்டக் குழாயில் அழுத்தமானியைத் திருகி வீட்டின் அழுத்தத்தை அளந்து, தொட்டியை இணைக்கும் முன்பே சைக்கிள் பம்பால் அதே அளவுக்குக் காற்றடிக்கச் சொல்லுங்கள்.

பின்னாளில் சோதிப்பதும் எளிது. காற்று வால்வின் ஊசியை ஒரு கணம் அழுத்தும்போது காற்றுக்குப் பதில் நீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, தொட்டியை மாற்றியாக வேண்டும். நீர் நிரம்பிய தொட்டியின் கனம் குழாயையே முறித்துவிடக்கூடும் என்பதால், படுக்கைவாட்டில் பொருத்துவதாக இருந்தால் சுவரோடு சேர்த்துத் தாங்குபட்டை போடச் சொல்லுங்கள்.