புத்தகம் ஓடுகிறது, கை ஓடவில்லை

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவள் நான். கோலாலம்பூரில் ஆக்குப்பேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளை நோயாளி தானே செய்யப் பழக்கும் சிகிச்சை, இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பரீட்சையில் நல்ல மதிப்பெண்தான். ஆனால் போன மாதம் மருத்துவமனைப் பயிற்சியில் நோயாளி முன்னால் நின்றதும் கை ஓடவில்லை. வீல்சேரிலிருந்து கட்டிலுக்கு மாற்ற எங்கே பிடிப்பது என்றே மறந்துபோனது. "புத்தகம் தெரியுது, கை தெரியலை" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். இப்போது விடுமுறையில் வீட்டில் இருக்கிறேன். இங்கே கருவியும் இல்லை, சொல்லித்தர ஆளும் இல்லை. நான் படிப்பது தெரிந்து முட்டிவலி, இடுப்புவலி என்று அக்கம்பக்கத்தார் வேறு வருகிறார்கள். என்ன செய்யட்டும் அக்கா?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, இரண்டாம் ஆண்டிலேயே எல்லாம் கைக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தால்தான் எனக்குப் பயமாக இருந்திருக்கும். உலக ஆக்குப்பேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பு இந்தப் படிப்புக்குக் குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்று சும்மாவா வைத்திருக்கிறது? உனக்கு இன்னும் நிறைய மணி நேரம் பாக்கி இருக்கிறது. மேற்பார்வையாளர் சொன்னதைத் திட்டாக எடுத்துக்கொள்ளாதே.

கருவி இல்லை என்கிறாய். இன்று மத்தியானம் அப்பாவோ தாத்தாவோ சோறு சாப்பிடும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எதிரில் உட்கார். பிசையும்போது முன்கை கவிழ்ந்திருக்கும். வாய்க்குப் போகும் வழியில் மெல்லத் திரும்பும். கட்டைவிரல் மற்ற விரல் நுனிகளோடு சேர்ந்து சோற்றைப் பிடிக்கும், கடைசியில் அதை வாய்க்குள் தள்ளுவதும் அதே கட்டைவிரல்தான். தோள் எவ்வளவு விலகுகிறது, கழுத்து எவ்வளவு குனிகிறது, இடது கை சும்மா இருக்கிறதா, எல்லாவற்றையும் எழுது. அப்புறம் இந்த அசைவுகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு நீயே சாப்பிட்டுப் பார். கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு ஒரு வேளை. முன்கையைத் திருப்பாமல் ஒரு வேளை. ரசச்சோறு எங்கே வழிகிறது என்று பார்த்தால், ஒரு வேலையை அசைவு அசைவாகப் பிரித்துப் பார்ப்பது என்று வகுப்பில் படித்த 'செயல் பகுப்பாய்வு' சட்டையிலேயே தெரியும்.

உன் பாடநூலில் பெரும்பாலும் கரண்டியும் முள்கரண்டியும்தான் இருக்கும். ஸ்ட்ரோக்கில் வலது கை செயலிழந்த நம் ஊர்த் தாத்தாவிடம் "இடது கையால் சாப்பிடுங்க" என்று சொல்லிப் பார். தலையாட்டுவார். ஆனால் அதன்பிறகு கல்யாண விருந்துக்கே போகமாட்டார். அந்தக் கூச்சம் உனக்குச் சொல்லாமலே புரியும். உன் வகுப்பில் பலருக்கு அதை விளக்க வேண்டியிருக்கும்.

வீட்டோடு நிற்காதே. அனுமதி கேட்டு ஒரு விடியற்காலை ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர் கூடப் போய்ப் பார். உளியை எப்படிப் பிடிக்கிறார், வெட்டு தாழ இருக்கும் மரத்தில் எப்படிக் குனிகிறார், கால் எப்படி மரத்தைச் சுற்றி நகர்கிறது என்று கவனி. செம்பனைத் தோட்டம் என்றால், உயர்ந்த மரத்தில் நீளக் கம்பு அரிவாளால் குலை வெட்டுபவரின் கழுத்தையும் தோளையும் பார். மலாக்காவில் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறதே, அதைப் போன்ற இடத்தில் பிற்பாடு நீ வேலை செய்யலாம். தோளில் அடிபட்ட ஒரு தொழிலாளி "எப்போ வேலைக்குப் போகலாம்?" என்று கேட்பார். அவர் வேலை தோளிடம் என்ன கேட்கிறது என்று தெரியாதவருக்கு அங்கே பதில் இருக்காது.

சரி, ஆளை மாற்றும் விஷயம். இதற்குத் தம்பியைப் பிடி. ஒரு பக்கம் முழுதும் செயலிழந்த மாதிரி நடிக்கச் சொல். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் நகராதபடி சுவரோரம் போடு. பலமான பக்கம் கட்டில் பக்கமாக இருக்கட்டும். நாற்காலி விளிம்புவரை அவனை முன்னால் நகர்த்து, பாதங்களைக் கொஞ்சம் பின்னால் இழுத்து வை, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனியச் சொல். பலவீனமான முழங்காலை உன் முழங்காலால் தடுத்துக்கொள். பிடிக்க வேண்டியது இடுப்பில், அதற்கு அப்பாவின் பெல்ட் போதும். கையைப் பிடித்து மட்டும் இழுக்காதே. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு தோள் தசை தளர்ந்து மூட்டு இறங்கியிருக்கலாம். இழுத்தால் வலி மாதக்கணக்கில் நிற்கலாம். எழுப்புமுன் "மூணு எண்ணுவேன், மூணுல எழுந்திரு" என்று சத்தமாகச் சொல். மலாயிலும் சொல்லிப் பழகு, மருத்துவமனையில் எல்லோரும் தமிழர்கள் இல்லை. பிறகு நீ நாற்காலியில் உட்கார், தம்பி உன்னைத் தூக்கட்டும். எங்கே பிடித்தால் பயம் வருகிறது என்பது அப்போது தெரியும். காணொளியைப் பத்துத் தடவை பார்ப்பதைவிட இது மேல் என்பது என் அபிப்பிராயம்.

உடை மாற்றுவதும் அப்படித்தான். போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது அது கடைசியில் என்று மனப்பாடம் செய்திருப்பாய். ஒரு கையை வேலை செய்யவிடாமல் ரவிக்கைக் கொக்கியைப் போடு, கைலி கட்டு. மனப்பாடம் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம்.

மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் கோணமானி ஒன்று வாங்கிக்கொள், பிளாஸ்டிக்கில் மலிவாகவே கிடைக்கும். முழங்கைக்கு அச்சு வெளிப்புற எலும்பு முனையில், ஒரு கரம் தோள் நுனியை நோக்கி, மற்றது மணிக்கட்டின் கட்டைவிரல் பக்க எலும்பை நோக்கி. ஒரே ஆளை இடைவெளி விட்டு மூன்று தடவை அள, முந்தைய எண்ணைப் பார்க்காமல் எழுது. மூன்றும் 5 டிகிரிக்குள் வரும்வரை விடாதே. கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்டுக்கு வெந்நீரும், அதில் இளகும் தெர்மோபிளாஸ்டிக்கும் இங்கே வேண்டாம். மணிலா அட்டையில் மாதிரி வெட்டினால் போதும். முன்கை நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, சுற்றளவில் பாதி. வெட்டியதைப் பலர் கையில் வைத்துப் பார்.

பக்கத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான சமூக மறுவாழ்வு மையம், அதுதான் பிடிகே, இருந்தால் எழுத்தில் அனுமதி கேட்டுத் தொண்டூழியராகப் போ. 1984-இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கியது, இப்போது நாடு முழுக்க இருக்கிறது. சமூக நல அலுவலகத்தில், அதாவது கெபாஜிக்கானில், விசாரி. அங்கே குழந்தைகளோடு பழக, பொறுமை தானே வரும்.

நம் பெரியவர்களிடம் ஒன்றில் ஜாக்கிரதை. "குளிக்க முடியுதா பாட்டி?" என்றால் "முடியும்மா" என்பார்கள். மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று தண்ணீர் ஊற்றுவாள், அது வெளியே வராது. அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தானே செய்கிறார் என்று அளக்கும் பார்தெல் குறியீட்டில் பத்து விஷயம் இருக்கிறது. வாய்ச்சொல்லை நம்பி அதற்கு மதிப்பெண் போடாதே. செய்துகாட்டச் சொல். கூச்சமான விஷயத்தில் குளியலறை வாசற்படியையும் பிடிமானத்தையும் பார்த்தாலே பாதி தெரியும்.

கடைசியாக, வலி என்று வருகிறவர்கள். 2016-ஆம் ஆண்டு துணை சுகாதாரத் தொழில்கள் சட்டத்தில் ஆக்குப்பேஷனல் தெரபிஸ்டுகளும் உண்டு, பதிவும் சான்றிதழும் இல்லாமல் தொழில் செய்யக்கூடாது. நீ இன்னும் மாணவி. பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பேத்தியாக எண்ணெய் தேய்த்துவிடு, தப்பில்லை. இடுப்பை இழுத்துவிடுவது, பயிற்சி எழுதிக் கொடுப்பது கூடாது. கால் மரத்துப்போகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பு. மற்றவர்களை அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப் போ, ஒரு வெள்ளிதான். கூடப் போனால் டாக்டர் என்ன கேட்கிறார், பாட்டி என்ன மறைக்கிறார் என்பதையும் உட்கார்ந்து பார்க்கலாம்.