எழுதி வாங்கினீர்களா? (கேள்வி-பதில்)

கேள்வி: பெங்களூரு அல்சூரில் 15 வருடமாக இட்லி மாவு விற்கிறோம். கடைப் பெயருக்கு நல்ல மதிப்பு. அதை பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டலாமா?

முடியாது. நீங்களே வளர்த்த பிராண்டை ஏஎஸ் 26 என்ற இந்தியக் கணக்கு விதி ஏற்காது. நாளை வேறொருவர் காசு கொடுத்து அதை வாங்கினால் அவர் கணக்கில் அது சொத்து. அமெரிக்கப் பங்குச் சந்தையின் எஸ் அண்ட் பி 500 பட்டியலில் உள்ள பெரிய கம்பெனிகளின் மதிப்பில் சுமார் 90 சதவீதம் இப்படிக் கையில் பிடிக்க முடியாத சொத்து என்று 2020-இல் ஓஷன் டோமோ நிறுவனம் கணக்கிட்டது, 1975-இல் அது 17தான். அதனால் பேலன்ஸ் ஷீட்டை விடுங்கள், முதலில் கடைப் பெயரை டிரேட்மார்க்காக (வணிகச் சின்னமாக) பதிவு செய்யுங்கள். டிரேட்மார்க் பட்டியலில் மாவுக்கு 30-ஆம் வகுப்பு, சிறு தொழிலுக்குக் கட்டணம் ஆன்லைனில் 4,500 ரூபாய். கர்நாடகத்துக்கு சென்னை அலுவலகம்.

கேள்வி: கம்பெனியைப் பதிவு செய்துவிட்டோம். பெயர் எங்களுடையதுதானே?

இல்லை. கம்பெனிப் பதிவு வேறு, டிரேட்மார்க் வேறு.

கேள்வி: குட்வில்லுக்கு (ஒரு தொழிலை வாங்கும்போது அதன் நற்பெயருக்குக் கொடுத்த விலைக்கு) வருமான வரியில் தேய்மானம் உண்டா?

எந்த வருடக் கணக்கு என்று எழுதாமல் கேட்டால் எப்படி? 2020-21 நிதியாண்டு முதல் கிடையாது. விலைக்கு வாங்கிய பேடன்ட், டிரேட்மார்க்குக்கு 25 சதவீதம் உண்டு.

கேள்வி: எங்கள் ஆப்பை வெளியாள் ஒருவர் எழுதிக் கொடுத்தார். முழுப் பணமும் தந்தாச்சு, இன்வாய்ஸ் இருக்கிறது. இப்போது முதலீட்டாளர் ஏதோ உரிமை மாற்றப் பத்திரம் கேட்கிறார். தேவையா?

தேவைதான், அதுவும் ஆப் எழுத ஆரம்பித்த அன்றைக்கே வாங்கியிருக்கணும். கோரமங்களாவில் ஸ்டார்ட்அப் நடத்தும் பாதிப் பேர் இதே தப்பைச் செய்கிறார்கள், எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதும் கோடு (ஆப்பின் புரோகிராம்), வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கம்பெனிக்குச் சொந்தம்; வெளியாள் எழுதினால் காப்புரிமை (காப்பிரைட்) அவருக்குத்தான், நீங்கள் லட்சம் கொடுத்தாலும் சரி, பத்து லட்சம் கொடுத்தாலும் சரி. இன்வாய்ஸ் பணம் போனதற்குத்தான் சாட்சி. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்கணும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். என்னிடம் வந்த ஒரு சின்ன கம்பெனி, கோடு எழுதிய பையன் வெளிநாடு போய்விட, அவன் கையெழுத்துக்காக நாலு மாதம் அலைந்தது. அதற்குள் கம்பெனியை வாங்க வந்தவர் போய்விட்டார். நல்ல பொருள், நல்ல பசங்க, இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. உங்கள் ஆளோடு பேச்சுவார்த்தை இருக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: பிராண்டை அடமானம் வைத்து வங்கிக் கடன் கிடைக்குமா?

சின்னக் கடைக்குக் கஷ்டம். நம்ம ஊர் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் தன் பிராண்டை அடமானம் வைத்துத்தான் கடன் வாங்கியது. விமானம் நின்றபின், 2016-இல், வங்கிகள் சுமார் 367 கோடி அடிப்படை விலை வைத்து அதை ஏலம் விட்டன. ஒருத்தரும் கேட்கவில்லை.