தலைவலி மாத்திரைக்குத் தலை எங்கே என்று தெரியாது

கேள்வி: முழங்கால் வலிக்கு ஒரு மாத்திரை, தலைவலிக்கு வேறொன்று வைத்திருக்கிறேன். இரண்டு வலியும் சேர்ந்து வந்தால் இரண்டையும் போடலாமா? அதது தன் இடத்துக்குப் போய்விடுமா?

பதில்: அவசரப்பட்டுப் போடாதீர்கள். முதலில் இரண்டு அட்டைகளையும் திருப்பி, பொடியெழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். இரண்டிலும் ஐபுப்ரோஃபென் என்ற வலி மருந்தின் பெயர் இருந்தால், ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்கப்போகிறீர்கள். ஒன்றில் டைக்ளோஃபெனாக் என்றிருந்தாலும் அதே குடும்பம்தான், சேர்க்கக் கூடாது.

எந்த மாத்திரைக்கும் முகவரி தெரியாது. ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றும். வீங்கிய இடத்துச் செல்கள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை நிறையத் தயாரிக்கும். அது நரம்பை உசுப்பிவிடுவதால்தான் தொட்டாலே சுரீரென்கிறது. ஐபுப்ரோஃபென் அந்தத் தயாரிப்பை அடக்குகிறது. முழங்காலில் தயாரிப்பு அதிகம், அதனால் பலன் அங்கே தெரிகிறது. ஆனால் இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும் இதே பொருள்தான். அங்கேயும் அது குறைகிறது. இந்த மாத்திரைகளால் வயிற்றுப் புண் வருவது இப்படித்தான்.

வலி எங்கே என்று கேட்டு, அதற்கொன்று இதற்கொன்று என எடுத்து நீட்டும் விற்பனையாளரை நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் முதுகுவலி, மாதவிடாய் வலி, ஒற்றைத் தலைவலி, சாதாரணத் தலைவலி என்று நான்கு டப்பாக்களில் நியூரோஃபென் என்ற ஐபுப்ரோஃபென் மாத்திரையை விற்றார்கள். உள்ளே ஒரே மருந்து, ஒரே அளவு. மக்களை ஏமாற்றும் விளம்பரம் என்று 2015இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அபராதம் 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலராக உயர்ந்தது. நோயாளி கண்ணில் முதலில் படவேண்டியது மருந்தின் பெயர். இந்தச் சின்ன விஷயத்துக்கு ஏன் நீதிமன்றம்வரை போகவேண்டியிருக்கிறது?

இதயத்துக்காகத் தினமும் சிறிய அளவு ஆஸ்பிரின் போடுகிறவரா நீங்கள்? அப்படியானால் இதை நிதானமாகப் படியுங்கள். ரத்தத்தை உறையவைக்க உதவும் தட்டணுவில் ஒரு சாவித்துவாரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் அதை நிரந்தரமாக அடைத்துவிடும். தட்டணுவுக்குக் கரு இல்லாததால் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள முடியாது. எனவே அது வாழும் ஏழெட்டு நாளும் ரத்தம் எளிதில் உறைவதில்லை. ஐபுப்ரோஃபென் முந்திக்கொண்டால் அந்தத் துவாரத்தில் சில மணி நேரம் குந்திக்கொள்ளும். பின்னால் வந்த ஆஸ்பிரினோ ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து பெரும்பாலும் மறைந்துவிடும். ஐபுப்ரோஃபென் எழுந்து போகும்போது துவாரம் திறந்தே கிடக்கும், அன்றைய ஆஸ்பிரின் வீண். ஆகவே வலி மாத்திரை கேட்கும்போதே, ஆஸ்பிரின் போடுகிறேன் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.