ஒரு கணினி, மூன்று ஆசிரியர்கள்

கேள்வி: பட்டர்வொர்த்தில் சின்னதாக ஒரு டியூஷன் சென்டர் நடத்துகிறேன். இருப்பது ஒரே கணினி. காலையில் நான், மதியம் ஒரு டீச்சர், இரவில் ஒரு சார் என்று மாறி மாறிப் பயன்படுத்துகிறோம். வேர்ட், எக்செல் எல்லாம் வரும் மைக்ரோசாஃப்ட் 365 பெர்சனல் சந்தா என் பெயரில் இருக்கிறது. மற்ற இருவரும் என் கணக்கிலேயே வேலை செய்கிறார்கள். ஆளுக்கு ஒரு லைசன்ஸ் வேண்டும் என்கிறான் என் அக்கா மகன். விண்டோஸுக்கும் மூன்று வாங்க வேண்டுமா?

பதில்: விண்டோஸைப் பற்றிக் கவலை வேண்டாம், சகோதரி. அந்த லைசன்ஸ் கணினிக்குச் சேர்ந்தது. மூவருக்கும் தனித்தனிக் கணக்கு திறந்து கொடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒருவர் பயன்படுத்தினால் சரி.

365 அப்படியில்லை. பெர்சனல் சந்தா ஓர் ஆளுக்குத்தான். உங்கள் வீட்டுக் கணினியிலும் கைப்பேசியிலும் நீங்கள் போட்டுக்கொள்ளலாம். ஆனால் உங்கள் டீச்சருக்கு அதில் பங்கில்லை. ஃபேமிலி சந்தாவில் 6 பேர் வரை சேரலாமே என்று யோசிப்பீர்கள். இரண்டுமே வீட்டு உபயோகத்துக்கானவை, கட்டணம் வாங்கி நடத்தும் வகுப்புக்குப் பொருந்தாது.

லைசன்ஸை விட எனக்குப் பெரிய கவலை, மூன்று பேர் ஒரே கணக்கில் இருப்பது. முன்பு ஜார்ஜ்டவுனில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். எங்கள் நால்வருக்கும் முதலாளியின் ஒரே கணக்கு. யாரோ இடம் காலி செய்வதாக நினைத்து ஒன்டிரைவில், அதாவது அந்தக் கணக்கின் இணையச் சேமிப்பிடத்தில், ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டார். திருமண அழைப்பிதழ் மாதிரிகள் எல்லாம் அதில்தான் இருந்தன. தை மாதக் கல்யாண ஆர்டர்கள் வந்தபோதுதான் தேடினோம். அழித்தவை குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். அது எப்போதோ தாண்டியிருந்தது. எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்தவர்கள், யார் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடைசியில் இருப்பதிலேயே சின்னப் பையன் மேல் பழி விழுந்தது. அவன் செய்யவில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

உங்களுக்கு இரண்டு வழி உண்டு. மைக்ரோசாஃப்டின் ஆஃபிஸ் ஹோம் அண்ட் பிஸினஸ் 2024 சந்தா இல்லாமல் ஒருமுறை பணம் கட்டி வாங்குவது, ஒரு கணினிக்கானது, தொழிலுக்கும் பயன்படுத்தலாம். அந்தக் கணினியில் யார் உட்கார்ந்தாலும், ஒரு நேரத்தில் ஒருவராக, வேலை செய்யலாம். பணம் இடித்தால், வேர்ட் மாதிரியே வேலை செய்யும் லிப்ரே ஆஃபிஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. முழுக்க இலவசம், எத்தனை பேரும் பயன்படுத்தலாம், தொழிலுக்கும் தடையில்லை. பழைய வேர்ட் கேள்வித்தாள்களில் அட்டவணைகள் கொஞ்சம் நகரக்கூடும், அதனால் முதலில் நாலைந்தைத் திறந்து பாருங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதில்தான் தொடங்குவேன்.

இணையத்தில் இருபது, முப்பது வெள்ளிக்கு விற்கும் ‘வாழ்நாள் கீ’ என்ற லைசன்ஸ் எண்ணைத் தயவுசெய்து தொடாதீர்கள். அவற்றில் பல, ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்தவை. திடீரென்று வேலை செய்யாமல் போனால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டமும் கணினி நிரல்களைப் பாதுகாக்கிறது.

அப்புறம், தனிக் கணக்குகள் திறந்ததும் “தமிழ் கீபோர்டைக் காணோம்” என்று டீச்சர் பதறுவார். மொழி அமைப்பு ஒவ்வொரு கணக்குக்கும் தனி. அவரவர் கணக்கில் நுழைந்து தமிழ் மொழியைச் சேர்த்து, தமிழ் 99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸிலேயே இருக்கிறது, அதற்கு ஒரு காசும் வேண்டாம். உங்கள் 365 கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அதற்கு முன் மற்ற இருவரும் தங்கள் கேள்வித்தாள்களை நகல் எடுத்துக்கொள்ளட்டும்.