இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்குமா, பிடிக்காதா?

பிடிக்கும், அதுவும் சட்டென்று. ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டும் எதிர்ச்சொற்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, இரண்டுக்கும் ஒரே பொருள்தான்.

நானும் இதில் ஏமாந்தவன்தான். படிப்பு முடிந்த கையோடு ஒரு பெயிண்ட் கடையில் கணக்கு எழுதப் போனேன். வந்து இறங்கிய தின்னர் டின்களில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று போட்டிருந்தது. இன்கரெக்ட் என்றால் சரியில்லாதது, இன்விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியாதது. அப்படியானால் இது தீயே பிடிக்காத சரக்கு என்று முடிவுகட்டி, சாமி விளக்குக்குப் பக்கத்திலேயே அடுக்கிவிட்டேன். லோடு இறக்க வந்த அண்ணன் பதறிப்போய், "தம்பி, கடையைக் கொளுத்தப் போறியா?" என்றார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, தின்னர் வாடை தெரியும்.

கோளாறு, இந்த இங்கிலீஷ் சொல் பிறந்த லத்தீனில் இருக்கிறது. அங்கே 'இன்' இரண்டு உண்டு. ஒன்று 'இல்லை' என்று மறுப்பது, இன்னொன்று 'உள்ளே' என்பது. இங்கே வருவது இரண்டாவது. இன்ஃப்ளேம் என்றால் தீ மூட்டு, அதோடு ஏபிள் சேர்ந்தால் தீ மூளக்கூடியது. புண் வீங்கிச் சிவந்தால் டாக்டர் சொல்லும் இன்ஃப்ளமேஷனும் இதே குடும்பம்தான்.

இரண்டில் இன்ஃப்ளேமபிள்தான் மூத்தது. ஆனால் என்னைப் போல யாராவது தப்பாகப் படித்தால் ஆபத்து என்று, 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ஃப்ளேமபிள் என்றே எழுதச் சொன்னது. நம்மூர் டேங்கர் லாரிகளில் இன்னமும் பழைய சொல்லைப் பார்க்கலாம். நல்லவேளை, கூடவே சிவப்புச் சாய்சதுரத்தில் தீச்சுடர் படமும் இருக்கும்.

சொல் தீ வைக்கும் என்பதற்கு இன்னொரு கதை. பெஞ்சமின் லீ வொர்ஃப் என்ற மொழியியலாளர் தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நிறைந்த பெட்ரோல் பீப்பாய்க்குப் பக்கத்தில் ஜாக்கிரதையாக இருப்பவர்கள், 'காலி' பீப்பாய் என்றால் பக்கத்திலேயே சிகரெட் பிடிப்பதைக் கவனித்து எழுதினார். காலி பீப்பாயில் இருக்கும் ஆவிதான் வெடிக்கும்!

சரி, நீங்கள் எழுதும்போது தீப்பிடிக்கும் பொருளுக்கு ஃப்ளேமபிள், பிடிக்காததற்கு நான்ஃப்ளேமபிள் என்று போடுங்கள். ஜனங்களைத் தூண்டிவிடும் மேடைப் பேச்சுக்கு மட்டும் வேறு சொல்: இன்ஃப்ளமேட்டரி.