எதிர்மறைச் சக்தியின் வீடு

கேள்வி: என் கணவர் மூன்று மாதங்களுக்கு முன் ஒரு விடுதியில் இரண்டு நாள் ஆளுமை வளர்ச்சிச் செயலமர்வுக்குப் போய்வந்தார். அதற்கு முன்பே எங்களுக்குள் பேச்சு குறைவுதான். இப்போது காலை நாலு மணிக்கு எழும்பிக் கண்ணாடி முன் நின்று தன்னோடு பேசுகிறார். என்னோடு இல்லை. ஏன் என்று கேட்டால் நான் 'எதிர்மறைச் சக்தி'யாம். இரண்டாம் கட்டத்துக்குத் தம்பதியாக வந்தால்தான் பலன் என்கிறார். அதற்கு என் காப்பை அடகு வைக்க வேண்டும். போகலாமா?
- பெயர் வேண்டாம், களுவாஞ்சிகுடி

பதில்: செயலமர்வு! மகள், இந்தச் சொல்லோடு எனக்கு 20 வருடப் பகை. எழும்பிச் செய்வதா, இருந்து கேட்பதா என்று சொல்லுக்கே தெரியாது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போனது. பின்னால் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் வந்தன, செயலமர்வுகள் வந்தன. கல்லடியிலிருந்து திருக்கோவில் வரைக்கும் ஒரு கரையே உட்கார்ந்தது. தோணி போனவருக்குத் தலைமைத்துவச் செயலமர்வு. வீடு போனவருக்கு நேர முகாமைத்துவம். (கூடாரத்தில் இருந்தவரிடம் நேரத்தைத் தவிர வேறென்ன இருந்தது?) நானும் ஐந்தாறுக்குப் போனேன், மறைக்கவில்லை. பத்து மணிக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும், ஒரு மணிக்குக் கோழிப் பார்சல், நாலு மணிக்குக் கையெழுத்து வைத்தால் பஸ் காசு. சுவரில் பெரிய தாள் ஒட்டி 'எதிர்பார்ப்புகள்' எழுதச் சொன்னார்கள். பக்கத்திலிருந்த பெரியவர் 'வலை' என்று எழுதினார். பயிற்றுநர் அதை 'வாழ்வாதார வலுவூட்டல்' என்று திருத்தினார்.

'செயலமர்வை விட்டுப் பட்டறை என்று எழுதும், அதுதான் தமிழ்' என்று இந்தப் பக்கத்திலேயே என்னோடு மல்லுக்கு நின்ற கவிஞர் இன்னும் சந்தா கட்டவில்லை. பட்டறைக்குப் போனவர் உங்கள் கணவர், அடி விழுந்தது வீட்டிலிருந்த உங்களுக்கு. அந்த அளவில் கவிஞர் சொன்னதும் சரிதான்.

தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வித்தை பழசு. பிரான்சில் எமில் கூவே என்ற மருந்துக்கடைக்காரர், 'நாளுக்கு நாள், எல்லா விதத்திலும், நான் மேம்பட்டு வருகிறேன்' என்று காலையிலும் இரவிலும் 20 தரம் சொல்லச் சொன்னார். எண்ணிக்கை தவறாமலிருக்க 20 முடிச்சுப் போட்ட கயிறு. நல்ல மனிதர், காசு வாங்கவில்லை. இன்றைய விடுதிக் கூத்துக்கு மூத்தவர் வேறொருவர்: 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் 'எஸ்ட்' பயிற்சியைத் தொடங்கிய வேர்னர் எர்ஹார்ட். இரண்டு வார இறுதிகள், மொத்தம் 60 மணித்தியாலம், நினைத்த நேரம் கழிப்பறைக்குப் போக முடியாது. (எங்கள் வாசகர்களில் பாதிப்பேருக்குச் சீனி வருத்தம். முதல் இரண்டு மணித்தியாலத்திலேயே ஞானம் வந்திருக்கும்.) 'உன் வாழ்க்கைக்கு நீயே பொறுப்பு' என்பது அங்கே பெரிய பாடம். பாடம் சொன்னவர் 1960இல் பிலடெல்பியாவில் மனைவியையும் நாலு பிள்ளைகளையும் விட்டுவிட்டு இன்னொரு பெண்ணோடு போனவர். அப்போது கார் விற்றுக்கொண்டிருந்தார், பெயர் ஜாக் ரோசன்பேர்க். மேற்கு ஜேர்மனியைப் பற்றி ஒரு சஞ்சிகையில் வந்த கட்டுரையிலிருந்து புதுப் பெயரைப் பொறுக்கினார்: விஞ்ஞானி வேர்னர் ஹைசன்பேர்க்கில் பாதி, அமைச்சர் லுட்விக் எர்ஹார்ட்டில் பாதி. சஞ்சிகை நடத்துகிறவனுக்கு இது கொஞ்சம் பயமான செய்தி. இந்த இதழைப் படித்துவிட்டு எவர் என்ன பெயரோடு ஓடப்போகிறாரோ!

உங்கள் கணவர் ஓடவில்லை. ஓடினாலும் வீடு உங்களோடுதான் இருக்கும். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவார். அவர் நின்று பேசும் கண்ணாடி அலுமாரியும் உங்கள் அப்பா சொல்லிச் செய்வித்ததாகத்தான் இருக்கும். எதிர்மறைச் சக்தியின் பெயரில் உறுதி எழுதின வீட்டில்தான் நேர்மறைச் சக்தி நாலு மணிக்கு எழும்புகிறது.

இதைச் சொல்லிக்காட்டிச் சண்டை பிடிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது நாலு மணி இல்லை, 'அதற்கு முன்பே' என்ற இடம். முன்பு அவர் பேசவில்லை, அவ்வளவுதான். ஏன் என்று கேட்கலாம், அவரும் முழிப்பார். இப்போது கேட்டால் பதிலுக்கு ஒரு பெயர் தயாராக இருக்கிறது, கேட்டவரே குற்றவாளியாகிவிடுகிறார். காசு கட்டி அவர் வாங்கி வந்தது அந்தப் பெயரைத்தான். இரண்டாம் கட்டத்தில் உங்களுக்கும் ஒன்று தருவார்கள், அப்புறம் மாறி மாறிச் சொல்லிக்கொள்ளலாம். ஆனாலும் அந்த மனிதருக்கும் ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் யார் நாலு மணிக்கு எழும்புவார்? அதை உங்களிடம் சொல்ல வெட்கம், கண்ணாடியிடம் வெட்கமில்லை.

சரி, கேட்டதற்குப் பதில். காப்பைக் கழற்றாதீர்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இரண்டு பேருமாகப் போங்கள். அவர் மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போங்கள். காசு கேட்க மாட்டார்கள், கழிப்பறைக்கும் போகலாம். ரோல்ஸ் மட்டும் கிடைக்காது.