‘நடித்தவராம்’

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் காலமான அந்தத் தொலைக்காட்சி நாடக இயக்குநரைப் பற்றி நீங்கள் எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். ஒரு இரவு முழுக்க யூடியூப்பில் தேடினேன். அவருடைய நாடகம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எங்களோடு இருக்கிற என் அம்மம்மா அவருடைய ரயில் பாதையோர நாடகத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணாக நடித்தவராம். அந்த நாடகங்களை இப்போது எங்கே பார்க்கலாம்? தமிழ் நாடகங்கள் என்பதால் திட்டமிட்டு அழித்தார்களா? தமிழ்நாட்டு இயக்குநர்களோடு ஒப்பிட்டால் அவரை எந்த இடத்தில் வைப்பீர்கள்?

ஆ., தெஹிவளை

அன்புள்ள தம்பி,

கடிதத்திலிருந்து இயக்குநரின் பெயரை எடுத்தது நான்தான். அந்தியேட்டி முடியும்வரை எதிலும் பெயர் போட வேண்டாம் என்று வீட்டார் கேட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். எங்களூர் ஆளை அளக்க எப்போதும் அக்கரையிலிருந்து முழக்கோல் வர வேண்டுமா? வெள்ளவத்தையில் ரயில் பாதையோரம் ஒரு அனெக்ஸில் இருந்தார். அதுதான் அவருடைய இடம். முதல் கேள்விக்குப் பதில்: எங்கும் பார்க்க முடியாது.

இரண்டாவது கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. உங்கள் கடிதம் வந்த காலையில் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு வீடியோ கசற்றை இறக்கி மேசையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். செத்த வீட்டுக்குப் போய் வந்த நாளிலிருந்து அதை இறக்க நினைப்பதும் விடுவதுமாக இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

யார் அழித்தார்கள் என்று கேட்கிறீர்கள். பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டீர்கள். தம்பி, எரித்தவை எரித்தவைதான். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 புத்தகங்கள் போயின. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிந்தது, அதோடு படச்சுருள்களும் போயின. அந்த ஜூலையில் அகதிமுகாமில் பாய் விரித்துப் படுத்தவன் நான். எனக்கு யாரும் அதை நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் இந்த மனிதரின் நாடகங்களை ஒருவரும் எரிக்கவில்லை. அவற்றின் மேல் வேறொன்றைப் பதிந்தார்கள், அவ்வளவுதான்.

அப்போது தொலைக்காட்சி நிலையங்களில் பெரும்பாலும் யூமாட்டிக் என்ற வீடியோ கசற்றுகள். நாடாவின் அகலம் முக்கால் அங்குலம், பெரியது என்றால் ஒரு மணி நேரம் பிடிக்கும். வெளிநாட்டுக் காசு கொடுத்து இறக்க வேண்டிய சாமான். ஒளிபரப்பாகி முடிந்த நாடகம் றாக்கையில் இருந்தால் கலைஞனுக்கு அது நாடகம். களஞ்சியப் பொறுப்பாளருக்கு அது சும்மா கிடக்கிற கசற். அடுத்த கிழமை நிகழ்ச்சிக்கு நாடா இல்லையென்றால் அவர் எதை எடுப்பார்? மொழி பார்த்து எடுக்கவில்லை. சிங்கள நாடகங்களும் இப்படிப் போயிருக்கின்றன. எங்களுக்குக் கிடைத்த நேரமே கொஞ்சம் என்பதால் போனது பெரிதாகத் தெரிகிறது. அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை, ஆனால் அது வேறு வழக்கு.

இயக்குநரே ஒருநாள் போய்க் கேட்டிருக்கிறார். அவருடைய நாடகத்தின் மேல் கோழி வளர்ப்பு நிகழ்ச்சி ஒன்று பதிந்திருந்ததாம். என்னிடம் சொல்லிச் சிரித்தார்: “பரவாயில்லை ஐசே, முட்டையாவது கிடைச்சிருக்கும்.” இது நடந்தது 2003இல். அந்த ‘ஐசே’யைச் சொன்ன குரல் இன்னும் காதில் கிடக்கிறது.

லண்டன் பிபிசிகூட 1970கள் வரை தன் நாடகங்களைத் துடைத்துத் துடைத்துத்தான் நாடாவைப் பாவித்தது. ‘டாக்டர் ஹூ’ என்ற புகழ்பெற்ற தொடரிலேயே ஏறத்தாழ நூறு பகுதிகளின் படம் இன்றைக்கு இல்லை. ஆனால் அந்தப் பகுதிகள் அத்தனையின் ஒலியும் இருக்கிறது. ஒளிபரப்பான நேரத்தில் ரசிகர்கள் வீட்டில் ரிவிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பிடித்தவை. நிலையம் தொலைத்ததை வீடு காப்பாற்றியது. எங்கள் வீடுகள் என்ன செய்தன?

என் வீடு செய்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் குறிப்பிடுகிற அந்த ரயில் பாதையோர நாடகம் ஆறு வாரத் தொடர். வாரம் அரை மணி நேரம். ஒளிபரப்பானபோது அவர் தன் வீட்டு வீடியோ டெக்கில் ஆறு பகுதிகளையும் ஒரே வீஎச்எஸ் கசற்றில் பிடித்து வைத்திருந்தார். மூன்று மணி நேரக் கசற், கடைசி நிமிடம் வரை நாடகம். கசற்றின் முதுகில் ஒரு மூலையில் சின்னப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் டெக் அதன்மேல் பதியாது. அவர் அதை உடைத்திருந்தார். 1996 பெப்ரவரியில் என்னிடம் தந்து, பார்த்துவிட்டு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்.

அது எப்படிப்பட்ட காலம் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்திருந்தது. காலி வீதியில் நூறு யார் தூரத்துக்கு ஒருமுறை அடையாள அட்டையை நீட்ட வேண்டும். லொட்ஜ்களில் இருந்த பெடியங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். உலகக் கிண்ணக் கிரிக்கெட்டுக்கு அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வந்து விளையாடமாட்டோம் என்றன. அப்படியிருந்தும் மார்ச் 17 ஞாயிற்றுக்கிழமை இரவு, லாகூரில் அதே அவுஸ்திரேலியாவோடு இறுதிப் போட்டி நடந்தபோது, வெள்ளவத்தையில் ரிவி முன்னால் உட்காராத தமிழன் யார்? பகல் முழுக்கச் சோதனைச் சாவடியில் நின்றுவிட்டு இரவில் அரவிந்த டி சில்வாவின் துடுப்பாட்டத்துக்குக் கை தட்டினோம். விசித்திரம்தான். இதை இன்னொரு நாள் எழுத வேண்டும்.

இலங்கைக்கு இலக்கு 242. 23 ஓட்டத்துக்கு இரண்டு விக்கெட் போய்விட்டது. அரவிந்த வந்து அடிக்கத் தொடங்கியதும் இதைப் பிடித்து வைக்க வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. வீட்டில் வெறுங் கசற் இல்லை. கடைகள் பூட்டு. இயக்குநரின் கசற் டெக்குக்கு மேலேயே கிடந்தது. அந்த ஓட்டையைச் செலோரேப்பால் மூடினால் கசற் மறுபடி பதியும். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வித்தை. நான் ஒட்டினேன்.

ஒட்டும்போது மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன்: ‘மூலப்பிரதி நிலையத்தில் இருக்கும்தானே.’

இதைத்தான் தம்பி நான் உங்களுக்குத் திருப்பித் திருப்பிச் சொல்ல நினைப்பது. நிலையத்தில் இருந்தவர் இயக்குநர் வீட்டில் ஒரு பிரதி இருக்கும் என்று நினைத்துத் துடைத்தார். நான் நிலையத்தில் இருக்கும் என்று நினைத்து ஒட்டினேன். நடித்தவர்கள் இயக்குநரிடம் இருக்கும் என்று நினைத்து நாடக வசனத்தின் றோணியோ பிரதிகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டார்கள். அந்தப் பிரதிகளில் ஒன்று இருந்தால்கூட இன்றைக்கு வசனம் இருக்கும், யாராவது திரும்ப நடிக்கலாம். 2005இலிருந்து நூலகம் திட்டத்துப் பிள்ளைகள் ஈழத்துக் காகிதத்தை எல்லாம் ஒளிவருடி இணையத்தில் போடுகிறார்கள். அவர்கள் கேட்பதே வீட்டில் கிடக்கிற இந்தக் குப்பையைத்தான். ஆனால் எங்களுக்கு எல்லாவற்றையும் ஒரு தீக்குள் தள்ளிவிட்டால் வசதி. எரித்தவனைக் காட்டிவிட்டுச் செலோரேப்பை மேசை லாச்சிக்குள் வைத்துவிடலாம்.

அரவிந்த 107, ஆட்டமிழக்கவில்லை. மூன்று விக்கெட்டுக்கு 245. பெனாசிர் பூட்டோ அணித்தலைவர் அர்ஜுனவிடம் கோப்பையைக் கொடுக்கிறார். விளம்பரம் வரும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பிடித்ததால் கோப்பைக்குப் பிறகும் கசற்றில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அந்த மிச்சத்தில் நான்கு நிமிடம் நாடகம் இருக்கிறது. ஆறாவது பகுதியின் கடைசி.

இயக்குநர் மூன்று நான்கு தடவை கசற்றைக் கேட்டார். “தேடுறன் அண்ணை” என்றேன். கோழிக் கதையைச் சொல்லிச் சிரித்த அன்றுதான் நிலையத்திலும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. கனத்தை மயானத்தில் அவருக்கு முன்னால் நின்றபோதும் திறக்கவில்லை. கட்டுரையையும் எழுதவில்லை.

கோழிக் கதை கேட்ட அன்று இரவு அந்த நான்கு நிமிடத்தைப் பார்த்தேன். அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. ரயில் பாதையோரத்தில் படம் பிடிக்கிறோம், கோச்சி வரத்தான் செய்யும், அதை வெட்டக்கூடாது. கோச்சி வந்தால் நடிப்பவர்கள் பேச்சை நிறுத்த வேண்டும், ஒருவரையொருவர் பார்க்க வேண்டும், போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். வெள்ளவத்தை ஸ்ரேசனில் நேர அட்டவணையைக் கேட்டு எழுதி, எந்த வசனத்துக்கு நடுவில் எந்தக் கோச்சி வர வேண்டும் என்று பார்த்து அதற்கேற்பப் படம் பிடித்தார். சத்தம் கூடிப்போச்சு, ஸ்ரூடியோவில் திரும்ப எடுங்கள் என்றார்களாம். “கரையோரத்தில் இருக்கிறவன் எல்லாம் அப்படித்தான் கதைப்பான்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வேறு யாரையும் நான் அப்படிப் பார்க்கவில்லை. உங்கள் மூன்றாவது கேள்விக்கு இது ஒரு பதிலாகலாம்.

இனி உங்களிடம் வருகிறேன். ‘அம்மம்மா நடித்தவராம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஆம்’ எதற்கு? அடுத்த அறையில் படுத்திருக்கிற மனுசியைப் பற்றி யாரோ ஊர்க்கதை சொன்னது போல! ஒரு இரவு முழுக்க யூடியூப்பைக் கிண்டினீர்களே, எழுந்து பத்து எட்டு நடந்து அவரிடம் கேட்க முடியவில்லையா? கோவிக்க வேண்டாம். உங்கள் வயதில் எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. என் அம்மம்மா போய்விட்டார்.

அந்த நான்கு நிமிடத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் சுளகோடு நிற்கிறார். முகம் பாதிதான் தெரிகிறது. கோச்சி வருகிறது, மற்ற எல்லாரும் அண்ணை சொல்லிக்கொடுத்தபடி வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் பெண் மட்டும் பேசிக்கொண்டே இருக்கிறார். நீளமாக, கையை ஆட்டி. ஒரு சொல் கேட்கவில்லை. அவ்வளவு கண்டிப்பான மனிதர் அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்.

நாடாவில் இப்போது வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிகிறது. துப்புரவாக்கத் தெரிந்தவர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்குமுன் டெக்கில் போடப் பயமாக இருக்கிறது. அதுவரைக்கும் நீங்கள் அம்மம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்: மதிலடியில் நின்றது அவரா? கோச்சிச் சத்தத்துக்குள் என்ன சொன்னார்?